மத்தியான அறிவித்தல்

முதல் அந்த வயலின் கேக்கும். லவுட்ஸ்பீக்கர் கட்டின ஓட்டோ பிறகுதான் தெரியும். பொறுங்கோ தம்பி, காதை அங்கால குடுங்கோ. சந்தை ஒழுங்கையாலதான் வருகுது.

"மரண அறிவித்தல்."

கேட்டுதே? என்னை ஏன் உப்பிடிப் பாக்கிறியள்? ஓம், என்ர குரல்தான். பயப்பிடாதேங்கோ, நான் உயிரோடதான் நிண்டு கச்சான் கடலை வறுக்கிறன். அந்தத் தொடக்கம் மட்டும்தான் என்ர. அதுக்குப் பிறகு வாசிக்கிறது ஓட்டோக்காரச் சிறியின்ர மச்சான். கேளுங்கோ, மூக்கால வாசிக்கிறான். செத்தவருக்குத் தடிமன் போல. எங்கட பழைய றேடியோ ஸ்ரேசன் பதிவில இருந்து என்ர ரெண்டு சொல்லை வெட்டி எடுத்து வைச்சிருக்கிறான் சிறி. என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. இந்த ஊரில இண்டைக்கும் ஆர் செத்தாலும் நான்தான் தொடங்கிவைக்கவேணும். என்னை வேலையால நிப்பாட்டினவங்கள், என்ர குரலை நிப்பாட்டேல்லை.

மன்னார் பஸ்தானே உங்களுக்கு? அது பொழுதுபடாமல் வராது. அந்த வாங்கில இருங்கோ.

குளக்கரை எஃப்.எம். எண்டு கேள்விப்பட்டிருக்க மாட்டியள். எங்கட ட்ரான்ஸ்மிற்றர் செட்டிகுளம் தாண்டினால் இருமத் தொடங்கிவிடும். ஆனா வவுனியா ரவுணுக்குள்ள நாங்கள்தான் ராசா. மார்க்கண்டு முதலாளி எண்டு ஒருத்தர், தரையோடும் கக்கூசுக் கொமட்டும் விக்கிறவர். சண்டை முடிஞ்சு சனம் வீடு கட்டத் தொடங்கின காலம். தன்ர கொமட்டை மற்றவன்ர றேடியோவில விளம்பரம் செய்து அலுத்துப்போய், கடைக்கு மேல தானே ஒரு றேடியோவைத் தொடங்கிவிட்டார். கீழ ஓடு வெட்டுற மெசின், மேல பாட்டு. ஒலிவாங்கியைத் திறந்தால் ஓடு வெட்டுற சத்தமும் சேர்ந்து போகும். சனம் அதையும் பழகிப்போட்டுது. பின்னேரம் கேள்வி பதில் போட்டி, சரியாச் சொன்னால் ஒரு பிளாஸ்டிக் வாளி. தாண்டிக்குளத்தில ஒரு மனுசன் அவ்வளவு வாளியையும் வெண்டு, கடைசியில சந்தியில வாளிக்கடை போட்டவர். பகிடி இல்லை, உண்மை.

நான் அங்க வயர் இழுக்கப் போனவன். நான் படிச்ச ஆளில்லைத் தம்பி. எட்டாம் வகுப்போட நிண்டவன். மல்லாவியில லவுட்ஸ்பீக்கர் வைச்சிருந்தனான், கோயில் திருவிழா, கலியாணம், செத்தவீடு எல்லாத்துக்கும் நான்தான். நான் ஆம்பிளிபயரில நிக்க, மகன் மைக்கில நிப்பான். "ஒண்டு, ரெண்டு, மூண்டு, அப்பா, கேக்குதே?" எண்டு கத்துவான். கேக்குதடா எண்டு நான் கையைக் காட்டவேணும். காட்டாட்டில் காட்டுமட்டும் எண்ணிக்கொண்டே இருப்பான். ஒருக்கால் நான் வேணுமெண்டே காட்டேல்லை. அறுபது தாண்டியும் எண்ணிக்கொண்டு நிக்கிறான்.

அது வேற கதை. றேடியோவுக்கு வருவம்.

ஒருநாள் அறிவிப்பாளருக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. ஒரு மரண அறிவித்தல் வந்து கிடக்குது. முதலாளி என்னைப் பாத்தார். "குலசிங்கம், நீர் செத்தவீட்டில லவுட்ஸ்பீக்கர் கட்டினவர்தானே, இதையும் வாசியும்" எண்டார். வாசிச்சன். அடுத்தநாள் ஒரு வயசான மனுசன் படியேறி வந்து மூச்சு வாங்க வாங்கக் கேட்டார்: "நேற்று வாசிச்சவர் ஆர்? எனக்கும் அவர்தான் வாசிக்கவேணும், இப்பவே சொல்லிவைக்கிறன்." முற்பதிவு! அண்டையோட நான் அறிவிப்பாளன்.

பாட்டுப் போடுறதுக்குக் கன பேர் இருந்தவை. ஆனா ஸ்ரேசனை நிமித்தி வைச்சது பாட்டில்லைத் தம்பி, மத்தியான அறிவித்தல்தான். அந்த வயலின் கேட்டால் ரவுணே கொஞ்சம் மெல்லமாகும். சலூனில கத்தரிக்கோல் நிக்கும். சோறு போடுற மனுசி அகப்பையோட நிப்பா. ஆர் எண்டு தெரிஞ்ச பிறகுதான் அகப்பை அசையும்.

அதில ஒரு ஒழுங்கு இருக்கு. இன்ன இடத்தைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். அன்னார் இன்னாரின் அன்புக் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும். ஒவ்வொரு பேருக்கும் ஒரு சட்டை போட்டுத்தான் வெளியில விடவேணும். வெளிநாட்டில இருக்கிற பிள்ளைக்கு நாட்டின்ர பேர். உள்ளூர்ப் பிள்ளைக்கு உத்தியோகம். முந்திச் செத்த பிள்ளைக்கு முன்னால "காலஞ்சென்ற."

அப்ப காணாமல் போன பிள்ளைக்கு? அதுக்கு ஒண்டுமில்லை. நாடும் இல்லை, உத்தியோகமும் இல்லை, காலஞ்சென்றவும் இல்லை. வெறும் பேர். கனடா, கச்சேரி உத்தியோகம், சுவிஸ் எண்டு வாசிச்சுக்கொண்டு போகேக்க நடுவில ஒரு பேர் ஒண்டுமில்லாமல் தனிய நிக்கும். ஒருத்தரும் சொல்லிவைச்சுச் செய்த ஒழுங்கில்லை. தானா வந்தது. அந்த வெறும் பேரைக் கேட்டவுடன அகப்பையோட நிக்கிற மனுசிக்கு விளங்கும், இதுவும் எங்கட மாதிரி ஒரு வீடு எண்டு.

ஓம், "எங்கட மாதிரி" எண்டுதான் சொன்னன். எங்களுக்கும் ஒரு பேர் இருக்கு. நிருபன். மைக்கில நிண்டவன். சண்டையின்ர கடைசி மாசத்தில சனத்தோட சனமா வரேக்க, தண்ணி பாக்கப் போனவன்.

பொறுங்கோ, மண்ணைக் கிண்டாட்டிக் கச்சான் கருகிப்போம்.

என்ர மனுசி தவமலர். கூட்டம், ஊர்வலம், ஆணைக்குழு எண்டு எங்க கூப்பிட்டாலும் அவன்ர படத்தைக் கொண்டு போவா. நான் போறதில்லை. எனக்கு வேலை. பிறகு மாமா, அவவின்ர தேப்பன், ஆறுமுகம் தம்பிராசா, ஒரு வைகாசியில போய்ச் சேந்தார். நல்ல மனுசன், கட்டில்ல கிடக்காமல் போனவர். மருமகன்தான் வாசிக்கவேணும் எண்டு செத்தவீட்டில எல்லாரும் நிண்டுகொண்டினம். அறிவித்தலை மனுசிதான் எழுதித் தந்தவ. பேரப்பிள்ளைகளின்ர இடத்தில, நாலாவதா, நிருபன். வெறும் பேர். நான் அதைக் கவுண்டரில இருந்த அபிதா எண்ட பிள்ளையிட்டைக் குடுத்துப்போட்டு, பந்தல்காரனோட கதைக்க ஓடினன்.

இடையில சுவிஸ்ஸில இருந்து பரராசன் ஸ்ரேசனுக்கு அடிச்சிருக்கிறான். மனுசியின்ர தம்பி. அந்தப் பிள்ளையிட்டை, "நிருபன்ர பேருக்கு முன்னால காலஞ்சென்ற எண்டு போடுங்கோ, குடும்பத்தில முடிவெடுத்தாச்சு" எண்டு சொல்லியிருக்கிறான். முடிவெடுத்த குடும்பம் அவன் ஒருத்தன்தான். எனக்குப் பிறகு சொன்னான்: "அத்தான், அக்கா உந்தப் படத்தைத் தூக்கித் தூக்கியே சாகப்போறா. ஒருக்கால் வாயால சொல்லிவிட்டால் எல்லாருக்கும் ஆறும்." கெட்ட எண்ணம் எண்டு சொல்லமாட்டன். தூர இருந்து பாக்கிறவனுக்கு எல்லாம் ஒரு சொல்லோட முடியும்.

அபிதா ரைப் பண்ணின தாள் மேசையில கிடக்குது. வயலின் போகுது. சிவப்பு லைற் எரியுது. வாசிக்கத் தொடங்கினன். மாமாவின்ர பேர், மாமியின்ர பேர். "குலசிங்கம் ஆகியோரின் அன்பு மாமனாரும்" எண்டு என்ர பேரையும் நானே வாசிச்சன். பேரப்பிள்ளைகளுக்கு வாறன். மூண்டு பேர் போச்சுது. நாலாவது "காலஞ்சென்ற நிருபன்" எண்டு கிடக்குது.

என்ன செய்யிறது? ஒலிவாங்கி திறந்து கிடக்குது, ரவுணே சோத்துக்கு முன்னால நிக்குது. வாசிச்சன். எழுதினதை எழுதினபடி வாசிச்சன். குரல் நடுங்கேல்லை. நான் வாசிக்கிற ஆள் தம்பி. தபால்காரன் கடிதத்தை உடைச்சுப் பாத்து அழுவானே? வைத்தியர் ஊசியைப் பிடிச்சுக்கொண்டு யோசிப்பாரே? அதுமாதிரித்தான். எனக்கு அதில ஒரு மனவருத்தமும் இல்லை. இண்டைக்கும் இல்லை.

திரும்பி வந்தன். செத்தவீட்டில குசினிக்குள்ள றேடியோ நிப்பாட்டிக் கிடந்தது. பாடை கட்டுற இடத்தில நிண்ட பெடியன் சொன்னான், தவமலர் மாமி பாதியில நிப்பாட்டிப்போட்டா எண்டு. நான் உள்ள எட்டிப் பாத்தன். மனுசி என்னைப் பாக்கேல்லை. வெங்காயம் உரிச்சுக்கொண்டிருந்தவ, உரிச்சுக்கொண்டே இருந்தவ. விளங்கிவிட்டுது. நான் ஒண்டும் கேக்கேல்லை. அவவும் ஒண்டும் சொல்லேல்லை. எட்டு வைகாசி போட்டுது, இண்டைவரை அதைப்பற்றி ஒரு கதை எங்களுக்குள்ள இல்லை. மற்ற எல்லாம் கதைப்பம். அரிசி, கரண்ட் பில், கச்சான் விலை, எல்லாம். அதை மட்டும் இல்லை. படத்தைத் தூக்கிக்கொண்டு போறதையும் அவ விடேல்லை. வாசிக்கிறவன் என்ன வாசிச்சால் என்ன எண்டமாதிரி.

பரராசன் அண்டிரவு அடிச்சவன். "அத்தான், நீங்கள் திருந்தமாட்டியள்" எண்டு சொல்லிப்போட்டு வைச்சான். அதோட என்னோட கதை இல்லை. அவன் சொன்னபடி வாசிச்சும் கோவம்! செத்தவீட்டுப் படங்கள் அனுப்பச் சுணங்கினதுதான் காரணமெண்டு நினைக்கிறன். வெளிநாட்டுக்காரருக்கு எல்லாம் உடன வேணும்.

சரி, என்னை ஏன் நிப்பாட்டினவை எண்டு கேளுங்கோ. அதுதான் அநியாயம். அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, முதலே சொல்லிப்போட்டன்.

மாமாவின்ர செத்தவீடு முடிஞ்சு, எட்டாம் நாள் செலவும் முடிஞ்சு வேலைக்குப் போறன். முதல் கிழமையே ஒரு மனுசி படியேறி வந்து கத்துறா: "எங்கட மாமியார் செத்துப் பத்து வருசம், நீ உயிரோட இருக்கிறமாதிரி வாசிச்சிருக்கிறாய். அவவை எழுப்பிவிட்டனியெல்லே, இனி நீதான் சோறு போடவேணும்!" சனம் சிரிக்குது. நானும் சிரிச்சன். தாளைப் பாத்தால் "காலஞ்சென்ற" எண்டு வடிவா எழுதிக்கிடக்குது. நான் வாசிச்சனான், எனக்கு நல்ல ஞாபகம். அடுத்த கிழமை இன்னொருத்தர். பிறகு ஒரு அதிபர், "என்ர தகப்பனார் இறந்ததை நீர் ஏன் மறைக்கிறீர்?" எண்டு கேக்கிறார். நான் ஏன் ஐயா மறைக்கப்போறன்?

ஒலிவாங்கி பழசு. ஓடு வெட்டுற மெசின் "கா" எண்ட இடத்தில சரியாக் கத்தினால் சொல்லு அடிபட்டுப்போம். ஜெனரேற்றர் மாறேக்க ஒரு துண்டு விழும். எல்லாம் சொன்னன். முதலாளி நல்லவர். புது ஒலிவாங்கி வாங்கித் தந்தார். மத்தியானத்தில மெசினை நிப்பாட்டினார். அதுக்குப் பிறகும் சனம் வருகுது. செத்தவையெல்லாம் உயிரோட வீட்டில இருக்கினம், நான் வாசிச்சால். கடைசியில முதலாளி என்னைக் கூப்பிட்டு, "குலசிங்கம், உமக்கு அந்தச் சொல்லு வாயில வருகுதில்லை. ஏன் எண்டு எனக்கு விளங்குது. கொஞ்சநாள் வீட்டில இரும்" எண்டார். என்ன விளங்குது? எனக்கே விளங்கேல்லை, அவருக்கு என்ன விளங்குது? "எனக்கு முன்னால இப்பச் சொல்லும் பாப்பம்" எண்டார். நான் எழும்பி வந்திட்டன். வேலைக்காரனை உப்பிடிச் சோதிக்கிறதே?

பிறகு அபிதாதான் வாசிச்சவ. பிறகு போனில சாவு றேடியோவுக்கு முந்தி வரத் தொடங்க, முதலாளி ஸ்ரேசனை மூடிப்போட்டார். இப்ப அந்த மேல்மாடியில குளியலறைக் கண்ணாடிகள். எனக்கு இந்தக் கச்சான், இரவில அரிசிமில்லில காவல். நித்திரை வராத ஆளுக்கு நல்ல வேலை.

போன கிழமை என்ன நடந்தது எண்டு சொல்லுறன், அதுக்குத்தான் இவ்வளவும்.

யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு பிள்ளை வந்தது. பல்கலைக்கழகம். ஊர் வானொலிகளின்ர வரலாறு எழுதுதாம். பேர் சாம்பவி. முதலாளி தன்ர பழைய பதிவு எல்லாத்தையும் அந்தப் பிள்ளையிட்டைத் தூக்கிக் குடுத்திட்டார். எங்கட வீட்டு முத்தத்தில கதிரை போட்டு இருத்தினன். நான் பச்சைக் கச்சான் உடைச்சுக்கொண்டு கதை சொன்னன். கொமட்டுக் கதை, வாளிக் கதை எல்லாம் சொன்னன். நல்லாச் சிரிச்சுது. பிறகு மெல்லக் கேக்குது: "ஐயா, உங்கட மாமாவின்ர அறிவித்தலும் இதில இருக்கு. அதையும் சேர்க்கலாமே? இணையத்தில எல்லாரும் கேக்கக்கூடியமாதிரி வைக்கப்போறம்."

எனக்குக் கையில கச்சான் கோது உடையேல்லை.

"அதை விடுங்கோ பிள்ளை. அண்டைக்கு இரைச்சல் கூட. தரம் காணாது" எண்டன்.

"இல்லை ஐயா, கேட்டனான், நல்ல துல்லியம்."

"துல்லியமெண்டாலும் வேண்டாம். அதை மட்டும் அழிச்சுவிடுங்கோ. இப்ப, என்ர கண்ணுக்கு முன்னால அழியுங்கோ."

பிள்ளை என்னைப் பாக்குது. நான் ஒரு சாதாரண விசயமாத்தான் கேட்டனான், தொழில் தரம் எண்டு ஒண்டு இருக்கெல்லே. அந்த ஒரு இடத்திலதான் தம்பி அந்தச் சொல்லு அவன்ர பேரோட சேர்ந்து கிடக்குது. வேற எங்கயும் இல்லை. பதிவுக் கந்தோரில இல்லை, கோயில் அர்ச்சனையில இல்லை, ஆணைக்குழுத் தாளில இல்லை. உலகத்தில அந்த ஒரு இடம். அதுவும் என்ர வாயால. அதை இனி ஆரும் எப்பவும் அமத்திக் கேக்கலாமெண்டால் எப்பிடி?

உள்ளுக்க இருந்து மனுசி வந்தா. கையைச் சீலையில துடைச்சுக்கொண்டு, என்னைப் பாக்காமல், அந்தப் பிள்ளையைப் பாத்துக் கேட்டா: "அதில என்ர பிள்ளையின்ர பேர் வரும். ஒருக்காப் போடுறியளோ, பிள்ளை?"

"வேண்டாம்" எண்டன்.

"நான் உங்களைக் கேக்கேல்லை" எண்டா.

பிள்ளை போட்டுது. வயலின் வந்தது. பிறகு நான். என்ன குரல் தம்பி அது! வேற ஆரோ ஒரு ஆள் மாதிரி. மாமா வந்தார், மாமி வந்தா. மூண்டு பேரப்பிள்ளைகள் வந்தினம். நான் கண்ணை மூடிக்கொண்டன். கீழ ஓடு வெட்டுற மெசின் அண்டைக்கு ஓடேல்லை, அது நல்லாத் தெரியுது. ஒரு மூச்சு இழுக்கிற சத்தம். பிறகு ஒண்டுமில்லை. கனநேரம் ஒண்டுமில்லை. பிறகு, "நிருபன்."

வெறும் பேர்.

"வெட்டியிருக்கு" எண்டன். "பிள்ளை, இதில ஒரு சொல்லை ஆரோ வெட்டியிருக்கினம். திருப்பிப் போடுங்கோ." திருப்பிப் போட்டுது. மூச்சு. ஒண்டுமில்லை. நிருபன். பிள்ளை திரையில கோடுகளைக் காட்டுது, ஐயா, வெட்டின அடையாளம் ஒண்டும் இல்லை எண்டு. இந்தக் காலத்தில கொம்பியூட்டரில என்னதான் செய்யேலாது? நான் விடேல்லை.

அப்பதான் மனுசி சொன்னா. "ஒருத்தரும் வெட்டேல்லை. அண்டைக்கும் உப்பிடித்தான் கேட்டது."

"பொய் சொல்லாதையும். நீர்தானே பாதியில றேடியோவை நிப்பாட்டினீர்?"

"ஓம். அவன்ர பேர் கேட்டுது. அதுக்குப் பிறகு மற்றவையின்ர பேர் எனக்கு என்னத்துக்கு எண்டு நிப்பாட்டினன்."

"அப்ப ஏன் என்னைத் திரும்பிப் பாக்கேல்லை?"

"செத்தவீட்டில அவ்வளவு சனத்துக்கு முன்னால உங்களைக் கட்டிப்பிடிச்சு அழச் சொல்லுறியளோ?"

அந்தப் பல்கலைக்கழகப் பிள்ளை தலையைக் குனிஞ்சுகொண்டுது. எட்டு வருசம் ஏனப்பா சொல்லேல்லை எண்டு கேட்டன். "நீங்கள் கேக்கேல்லையே. நான் என்னத்தைச் சொல்லுறது, சொல்ல என்ன கிடந்தது" எண்டா. பிறகு தன்ர போனை நீட்டி, அந்தத் துண்டை அதில போட்டுத்தரச் சொன்னா. அழிக்கிற கதை அதோட போச்சுது.

நீங்கள் என்ன நினைக்கிறியள் தம்பி? எனக்கு நல்ல ஞாபகம், நான் வாசிச்சனான். என்ர நாக்கில அந்தச் சொல்லின்ர உருசி இப்பவும் கிடக்குது. வாசிக்காத சொல்லுக்கு உருசி இருக்குமே? மனுசியின்ர ஆறுதலுக்கு அந்தப் பிள்ளைதான் ஏதோ செய்திருக்கவேணும். நல்ல பிள்ளை. செய்திருக்கும்.

இப்ப மனுசி ஒவ்வொரு நாளும் மத்தியானம் சோறு போடேக்க அதைப் போடுறா. நான் சோத்துக் கோப்பைக்கு முன்னால இருப்பன். அந்த மூச்சு இழுக்கிற இடம் வரும், பிறகு சத்தமில்லாத இடம் வரும். அதுக்குள்ள ஒண்டும் இல்லை எண்டு தெரியும். எண்டாலும் காதைக் குடுப்பன். எண்ணுறமாதிரி இருக்கும். நான் கையைக் காட்டுமட்டும் ஆரோ நிண்டு எண்ணுறமாதிரி. நேற்று மனுசி அங்கால திரும்பின நேரம் பாத்து, மெல்லக் கையைத் தூக்கிக் காட்டிப்போட்டன். விசர்வேலை. சோறு அள்ளின கை.

அந்தா, லைற் தெரியுது, மன்னார் பஸ்தான் போல. இல்லை, அது செட்டிகுளம். இருங்கோ. உங்கட கையில இருக்கிற கச்சான் சரை ஆறிப்போச்சு, இஞ்ச தாங்கோ, சுடச்சுடப் போட்டுத்தாறன். மண் சூடா இருக்கேக்க கிண்டவேணும்.